‘ஓரம்’ என்று கேட்டால்

எங்கள் கல்லூரியின் கிராஸ் கண்ட்ரி அணியில் சட்டம் ஒன்றே ஒன்றுதான். ஓடும்போது முதுகுக்குப் பின்னால் ‘ஓரம்’ என்று குரல் கேட்டால் உடனே ஓரம் போய்விட வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. வழி கேட்டவள் கடந்ததும் அவள் முதுகை ஒட்டியே மறுபடி பாதையில் ஏறிவிட வேண்டும். அவ்வளவுதான்.

இந்தச் சட்டத்துக்குக் காரணம் வாய்க்கால். கல்லூரி மைதானத்தைக் காலையில் கிரிக்கெட்டுக்காரர்களுக்கும் மாலையில் கபடிக்காரர்களுக்கும் பட்டா போட்டுக் கொடுத்திருந்தார்கள் போல. நடுவில் புகுந்து ஓடலாம் என்று போனால் பந்து மண்டையில் விழும். அதனால் விடிந்தும் விடியாமலும் கள்ளக்குறிச்சியில் டவுன் பஸ் ஏறி, கச்சிராயபாளையத்தில் இறங்கி, கோமுகி அணையிலிருந்து வரும் வாய்க்கால் கரையில் ஓடுவோம். ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் கரும்பு. கரும்புத் தோகை கையில் பட்டால் பிளேடு இழுத்த மாதிரி கோடு விழும். இதில் ஆறு பெண்கள் ஓடினால், முந்த நினைப்பவள் ஒன்று வழி கேட்க வேண்டும், இல்லை தள்ளிவிட வேண்டும். ஒருத்தி நிஜமாகவே தண்ணீரில் விழுந்து, நனைந்த துணியோடு முதல் வகுப்புக்குப் போய் உட்கார்ந்த பிறகு எங்கள் கேப்டன் போட்ட சட்டம் இது.

கேப்டன் அப்போது மூன்றாம் வருஷம். நான் இரண்டாம் வருஷம். அவளுக்கு ஊர் ரிஷிவந்தியம் பக்கம், வீட்டில் குத்தகைக்குப் பயிர் வைப்பவர்கள். ஆள் ஒல்லி, பேச்சு கம்மி. அவள் போட்ட சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. அவளிடம் யாரும் ஒரு தடவைகூட ஓரம் கேட்டதில்லை, அவளும் யாரிடமும் கேட்டதில்லை. எப்போதும் அவள்தானே முன்னால். ஒன்றரை வருஷம் அந்தக் கரையில் நான் பார்த்ததெல்லாம் அவளுடைய முதுகையும், அதன்மேல் ஆடும் பின்னலையும்தான்.

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். கடைத்தெருவில் எங்களுக்குச் செருப்புக் கடை. என் அத்தா வாடிக்கையாளர்களிடம் காட்டுகிற பொறுமையில் கால் பங்குகூட எனக்கு வரவில்லை. ‘ஏழாம் நம்பர் கேட்டுட்டு எட்டாம் நம்பர்ல கால விட்டா எப்புடிம்மா’ என்று ஒரு தடவை கடையில் நான் சீறியதிலிருந்து என்னை அங்கே உட்காரவைப்பதே இல்லை. அந்தக் கோபத்தை எங்காவது செலவழிக்க வேண்டுமே, ஓட வந்துவிட்டேன்.

போட்டி இரண்டு நாள். சனிக்கிழமை கீழே, அணைக்குப் பக்கத்தில். ஞாயிற்றுக்கிழமை மேலே, வெள்ளிமலையில். கிராஸ் கண்ட்ரியில் ஓட்டம் ஆளுக்கு ஆள் நடந்தாலும் கணக்கு அணிக்குத்தான். ஒரு கல்லூரிக்கு ஆறு பேர் ஓடலாம். ஓட்டம் முடிந்ததும் எத்தனையாவதாக வந்தாய் என்று எண் போட்ட டோக்கன் ஒன்றைக் கையில் திணிப்பார்கள். ஒவ்வொரு அணியிலும் முதலில் வந்த நான்கு பேரின் எண்களைக் கூட்டுவார்கள். கூட்டல் எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லது. இரண்டு நாள் கணக்கையும் சேர்த்துப் பார்த்து, முதல் இரண்டு அணிகள் மட்டும் அடுத்த சுற்றுக்கு வெளிமாநிலம் போகலாம். அதுவும் ரயிலில். எங்கள் ஊருக்கு ரயில் வரும், வரும் என்று நான் பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

கேப்டன் முதல் வருஷம் ஓடினாள், அணிக்கு மூன்றாம் இடம். இரண்டாம் வருஷமும் மூன்றாம் இடம். இது அவளுக்குக் கடைசி. டவுன் பஸ்ஸில் ஒரு நாள் என்னிடம் சொன்னாள். “இந்தத் தடவ போவலன்னா அவ்ளோதான்டி. காலேஜ் முடிஞ்சப்புறம் எங்கூர்ல நான் கரையில ஓடிக்கினு இருந்தா, இன்னாத்துக்கு ஓடுறா, எவன் தொரத்துறான்னு கேப்பாங்க.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளை எப்படியாவது அந்த ரயிலில் ஏற்றிவிட வேண்டும் என்று அன்றைக்கே என் மனசுக்குள் ஒரு வெறி பிடித்தது.

சனிக்கிழமை காலையில் அணைப் பக்கம் திருவிழா போல இருந்தது. எட்டுப் பத்துக் கல்லூரிகளின் வண்டிகள், மைக் செட், குளுக்கோஸ் டப்பா, சுண்ணாம்புக் கோடு. எங்கள் அணியில் கச்சிராயபாளையத்துக்காரி ஒருத்தி உண்டு. என் வகுப்பு, என் தோழி, வாய் ஓயாதவள், கரும்புக்காரர்கள் வீட்டுப் பெண். சொந்த ஊரில் போட்டி என்பதால் அவள் சொந்தபந்தம் மொத்தமும் வாய்க்கால் பாலத்தில் ஏறி நின்றிருந்தது. என் அத்தாவும் சனிக்கிழமை வியாபாரத்தை விட்டுவிட்டு மொபெட்டில் வந்துவிட்டார். வந்தவர் முதலில் பார்த்தது எல்லாப் பெண்களின் ஷூவையும்தான்.

எங்கள் பி.டி. மேடம், விசிலும் கையுமாகவே பிறந்தவர், ஓடுவதற்கு முன்னால் ஒரே வார்த்தைதான் சொன்னார். “இது உங்க கரை. மத்தவளுங்களுக்கு இது பாம்பு இருக்குமோன்னு பயம். உங்களுக்கு வூட்டு வாசல். போங்க.”

அப்படித்தான் போனோம். துப்பாக்கி வெடித்ததும் எனக்குக் காதுக்குள் என் ரத்தம் ஓடுகிற சத்தமே கேட்டது. முதல் பகுதி அகலமான மண் ரோடு. அங்கேயே கேப்டன் மூன்றாவதாக ஏறிவிட்டாள். அவளுக்குப் பின்னால் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் முதல் வருஷப் பெண், அப்புறம் நான், அப்புறம் தோழி. நான்கு பேரும் முதல் பதினைந்துக்குள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஓடிக்கொண்டே சிரித்தேன். பாலத்திலிருந்து தோழியின் மாமா யாரோ “அப்புடித்தான், இழு!” என்று கத்தினார்.

வாய்க்கால் கரையில் ஏறினோம். தோழிக்கு வேகம் வந்துவிட்டது. “ஓரம்!” என்றாள். நான் ஒதுங்கினேன். அவள் போனாள். நான் அவள் முதுகைப் பிடித்துக்கொண்டேன். வழக்கம்போல நடந்த காரியம். ஆனால் எனக்குப் பின்னால் மஞ்சள் பனியன் போட்ட ஒருத்தி இதைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள். மஞ்சள் பனியன்கள் என்றால் போன வருஷம் எங்களை மூன்றாம் இடத்துக்குத் தள்ளிய அதே கல்லூரி. அவளுக்கு மூளை கால் விரல் வரைக்கும் ஓடும் போல.

“ஓரம்!” என்றாள்.

நான் ஒதுங்கினேன். என் கால்தான் ஒதுங்கியது, என்னைக் கேட்கவில்லை. அவள் போனாள். அவள் பின்னாலேயே இன்னும் இரண்டு மஞ்சள் பனியன்கள் போயின. முன்னால் மறுபடி “ஓரம்!” என்று கேட்டது. தோழி ஒதுங்கினாள். மறுபடி “ஓரம்!” மலைக்காரப் பெண் ஒதுங்கினாள். கடைசியாக, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கரையின் திருப்பத்தில் கேப்டன் தண்ணீர்ப் பக்கம் ஒரு காலை வைத்து ஒதுங்கினாள். ஒன்றரை வருஷத்தில் அவள் ஒதுங்கி நான் பார்த்ததே இல்லை. யாருக்கு ஒதுங்கினாள் என்று பார்த்தபோது என் வயிறு எரிந்தது.

என் அத்தாவுக்கு ஓட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. முடிந்ததும் தண்ணீர் பாட்டிலோடு வந்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டார். “ஏம்மா, பாலத்து மேல நின்னுகினு பாத்தேன். எல்லாருக்கும் வழி விட்டுக்கினே இருந்தீங்களே. அதுதான் ரூல்ஸா?”

கடையில் பத்து ஜோடியை எடுத்துப் போடச் சொல்லி ஒன்றும் வாங்காமல் போகிறவர்களுக்குக்கூட டீ வாங்கித் தருகிற மனிதர். அவருக்கே அது ஜாஸ்தி மரியாதையாகத் தெரிந்திருக்கிறது.

டோக்கன்களைக் கூட்டினார்கள். முதல் இடத்தில் இருந்த கல்லூரி எட்ட முடியாத தூரத்தில். இரண்டாவது மஞ்சள். மூன்றாவது நாங்கள், ஐந்து புள்ளி பின்னால். மேடம் எங்களை ஒரு புளியமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி, என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி மாட்டிக்கொண்டார்.

“எவ கேட்டாலும் வழி வுட்டுடுவீங்களாடி? நாளைக்கு ஓடிக்கினு இருக்கும்போது ஒருத்தி செஸ்ட் நம்பரக் குடுன்னு கேட்டா குடுத்துட்டு வந்துடுவீங்களா?”

தோழி தலையைக் குனிந்துகொண்டு தோளைக் குலுக்கினாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்து எனக்கும் வந்துவிட்டது. மேடம் எங்கள் இரண்டு பேரையும் திட்டுவதற்காக வாயைத் திறந்து, பாதியில் தானும் சிரித்துவிட்டார். கேப்டன் மட்டும் சிரிக்கவில்லை. உட்கார்ந்து வலது கெண்டைக்காலை அழுத்திவிட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் அந்த மஞ்சள் பெண்ணை விரட்டிப் பிடிக்கப் போய் சதை இழுத்துக்கொண்டதாம்.

மதியம் சாப்பிட்டுவிட்டு வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினோம். மலைப்பாதை தொடங்கியதும் தோழிக்கு வாந்தி தொடங்கியது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் ஜன்னலில் தலையை நீட்டி, உள்ளே இழுத்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தாள். அவளுடைய யோசனை இதுதான்: ஓரம் என்று சும்மா கேட்டால் யாரும் விடக் கூடாது. பேர் சொல்லி ஓரம் கேட்டால் மட்டும் விட வேண்டும். மஞ்சள்காரிக்கு நம் பேரெல்லாம் தெரியாதே.

“சட்டத்த எடுத்துடலாமே” என்றேன் நான். எரிச்சல் இன்னும் தணியவில்லை.

“எடுக்கக் கூடாது” என்றாள் கேப்டன். அன்றைக்கு மதியத்திலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அது. “நம்மள்ல எவளுக்கு வேகம் வருதோ அவ போவணும். அடைச்சிக்கினு நின்னா நாலு பேருக்கும் நட்டம். பேரு சொல்லிக் கேளுங்க. பேரு கேட்டா வுடுங்க. வேற எதுக்கும் வுடாதீங்க.”

அவ்வளவுதான், பஸ்ஸிலேயே ஒத்திகை ஆரம்பமாகிவிட்டது. முன் சீட்டிலிருந்து பின் சீட்டுக்குப் பேர் சொல்லி ‘ஓரம்’ என்று கத்துவோம். பேருக்குரியவள் சட்டென்று நகர வேண்டும். தக்காளிக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவும் சேர்ந்து நகர்ந்துகொண்டே வந்தார்கள். கண்டக்டர் எங்களைப் பார்த்து, “மேல ஆஸ்பத்திரி இருக்குது, எறக்கி வுட்டுடவா?” என்றார்.

மலைக்காரப் பெண்தான் கேட்டாள். ரொம்பக் கூச்ச சுபாவம், வாயைத் திறப்பதே அபூர்வம். “அப்போ அக்காவ எப்புடிக் கூப்புடறது?”

எல்லாரும் கேப்டனைப் பார்த்தோம். எங்களில் யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதல் வருஷமோ இரண்டாம் வருஷமோ, எங்களுக்கு அவள் அக்கா. மொட்டையாகப் பேரைச் சொல்ல யாருக்கு நாக்கு வரும்?

“அக்காகிட்ட எவடி ஓரம் கேக்கப் போறா?” என்றாள் தோழி, அடுத்த வளைவுக்குத் தலையை வெளியே நீட்டுவதற்கு முன்னால். பஸ்ஸே சிரித்தது. கேப்டனும் சிரித்தாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்துபோனது.

சாயங்காலம் வெள்ளிமலையில் பாதையை ஒரு தடவை நடந்து பார்த்தோம். ஏரிக்கரையில் தொடங்கி, காட்டு ஓரமாகப் போய், ஒரு ஓடையில் இறங்கி ஏறி, மரவள்ளிக் கொல்லைகளுக்கு நடுவே வந்து, பள்ளிக்கூட மைதானத்தில் முடிகிறது. கடைசியில் அந்த மரவள்ளிக் கொல்லைப் பகுதி முழுக்க ஏற்றம். ஒரு பக்கம் முள்வேலி, மறுபக்கம் ஆள் உயரத்துக்கு மரவள்ளி. பாதை ஒரு ஆள் அகலம். கேப்டன் ஏற்றத்தின் அடியில் நின்று மேலே பார்த்தாள்.

“நம்ம கரை மாதிரியே இருக்குது” என்றாள்.

“தண்ணிதான் இல்ல” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் ஏரியைக் காணவில்லை. அவ்வளவு பனி. மூச்சு விட்டால் புகை வந்தது. நாங்கள் சமவெளிக்காரர்கள், வாயைக் குவித்து ஊதி ஊதி விளையாடிக்கொண்டிருந்தோம். மலைக்காரப் பெண்ணின் அப்பாவும் அம்மாவும் அவர்கள் ஊரிலிருந்து ஜீப்பில் வந்திருந்தார்கள். மகளைவிட எங்களைத்தான் ஜாஸ்தி கவனித்தார்கள், ஆளுக்கு ரெண்டு வாழைப்பழம் திணித்தார்கள். நான் தலைத்துணியை இறுக்கிக் கட்டி மேலே தொப்பி மாட்டினேன். காது குளிரவில்லை. ஊரில் ‘இதோட ஓடினா வேர்க்கலையா?’ என்று கேட்கும் தோழி, அன்றைக்கு ‘எனக்கும் ஒண்ணு கட்டி வுடுடி’ என்றாள்.

கேப்டன் கெண்டைக்காலில் கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டிருந்தாள். மேடம் பார்த்துவிட்டு, முனையைக் குத்த ஊக்கு எடுத்துக் கொடுத்தார்.

துப்பாக்கி வெடித்ததும் மலைக்காரப் பெண் போய்விட்டாள். போய்விட்டாள் என்றால், பனிக்குள் புகுந்து மறைந்தே விட்டாள். கீழே வெயிலில் தடுமாறிய பெண்ணா இவள் என்று இருந்தது. காட்டு ஓரத்தில் நின்றவர்கள் “நம்ம புள்ளடா, நம்ம புள்ள” என்று கத்துவது மட்டும் முன்னாலிருந்து கேட்டுக்கொண்டே போனது. அதைக் கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு நிரம்பியது. நானும் கத்தலாமா என்றிருந்தது, மூச்சுதான் இல்லை.

கேப்டன் பத்தாவதோ பதினொன்றாவதோ போய்க்கொண்டிருந்தாள். நான் அவளுக்குப் பின்னால், கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கிக்கொண்டு. காலையில் குடித்த கஞ்சியா, அந்தக் குளிரா, முந்தின நாள் வயிற்றெரிச்சலா தெரியவில்லை, அன்றைக்கு என் கால் என் பேச்சைக் கேட்டது. ஓடையில் இறங்கும்போது வழுக்கி ஒரு கையை ஊன்றினேன். எழுந்தபோது தொடை வரைக்கும் சேறு. அது கூடச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஓடையிலிருந்து ஏறி மரவள்ளிக் கொல்லைக்குள் நுழைந்தபோது கேப்டன் முதுகை நான் பிடித்துவிட்டேன். எங்களுக்கு முன்னால் ஏற்றத்தில் இரண்டு மஞ்சள் பனியன்கள். எங்களுக்குப் பின்னால், மூச்சுச் சத்தத்தை வைத்தே எனக்குத் தெரிந்தது, அந்த மூளைக்காரி.

பத்தடி போவதற்குள் புரிந்துவிட்டது. கேப்டனின் வலது கால் தரையில் சரியாகப் படவில்லை. ஒவ்வொரு தடவையும் குதிகாலைத் தூக்கியே வைத்தாள். நான் ஓடவில்லை, அவள் பின்னால் நடப்பதுபோல வந்துகொண்டிருந்தேன். முன்னால் போன மஞ்சள் பனியன்கள் ஒவ்வொரு அடிக்கும் சின்னதாகிக்கொண்டே போயின. மைதானத்துக்குள் அவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. இந்த வருஷமும் மூன்றாம் இடம். அவளுக்கு ரயில் இல்லை.

பின்னாலிருந்து குரல் வந்தது. “அக்கா, ஓரம்!”

மஞ்சள்காரிதான். நேற்றைய பாடத்தோடு ஒரு அக்காவையும் சேர்த்துக்கொண்டாள். நான் அசையவில்லை. கேப்டனும் அசையவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு நமுட்டுச் சிரிப்பு வந்துபோனது.

ஆனால் இப்போது நான் கேட்க வேண்டும். வாயைத் திறந்தேன். “அக்கா, ஓரம்!”

அவள் அசையவில்லை. என் குரல் அவளுக்குத் தெரியாதா என்று கேட்கலாம். அந்த ஏற்றத்தில் எல்லாக் குரலும் ஒன்றுதான், பாதி மூச்சு, பாதி எச்சில். அதுவும் இப்போதுதான் பின்னாலிருந்து அதே வார்த்தைகளை எதிராளி சொல்லியிருக்கிறாள். பேரு கேட்டா வுடுங்க, வேற எதுக்கும் வுடாதீங்க. அவள் சொன்ன சொல்லை அவள் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். சட்டப்படி திரும்பியும் பார்க்கவில்லை. எனக்கு வந்ததே கோபம். அவள்மேலா, அந்தப் பாதைமேலா, பஸ்ஸில் உட்கார்ந்து ஆளாளுக்குச் சிரித்த எங்கள் மேலா, எனக்கே தெரியவில்லை. மரவள்ளி இலைக்கு மேலே மைதானத்துக் கொடி தெரிந்துவிட்டது. இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது.

அவள் பேரைச் சொல்லிக் கத்தினேன். அக்கா இல்லை, ஒன்றும் இல்லை, மொட்டையாக. வீட்டில் அவள் அம்மா கூப்பிடுகிற மாதிரி, வகுப்பில் அட்டென்டன்ஸ் எடுக்கிற மாதிரி. அதோடு “ஓரம்!” என்றேன். சொன்ன வேகத்தில் என் தொண்டை கிழிந்தது.

அவள் நின்றுவிடுவாள் போலத்தான் இருந்தது. தோள் ஒரு தடவை குலுங்கியது. அப்புறம் வலது காலை மரவள்ளிக்குள் வைத்து ஒதுங்கினாள். நான் கடந்தேன். கடக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. என் முதுகை ஒட்டி அவள் பாதையில் ஏறிய சத்தம் கேட்டது. ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டு, ஆனால் மஞ்சள்காரிக்கு ஒரு விரற்கடை இடம் விடாமல். அப்புறம் அவள் குரல்.

“போடி! நிக்காத, போ!”

போனேன். ஏற்றம் எங்கே முடிந்தது, மைதானம் எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. மைக்கில் யாரோ ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். முன்னால் இரண்டு மஞ்சள் முதுகுகள், புல் நனைந்திருந்தது, வழி அகலமாக இருந்தது, யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை. முதல் ஆளைத் திருப்பத்தில் பிடித்தேன். இரண்டாவது ஆள் என்னைப் பார்த்துவிட்டாள், அவளும் இழுத்தாள். ஓட்டம் முடிகிற இடத்தில் கயிறு கட்டிய வழிக்குள் என் தோள்தான் முதலில் நுழைந்தது. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்றால், டோக்கன் கொடுத்தவரின் கையையும் சேர்த்துப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். அவர் வயசான ஆள், “பரவால்லம்மா, பரவால்லம்மா” என்றார்.

திரும்பிப் பார்த்தேன். கேப்டன் வந்துகொண்டிருந்தாள், அவள் பக்கத்திலேயே அந்த மூளைக்காரி. ஏற்றம் முழுக்கக் கேப்டன் அவளைப் பின்னாலேயே வைத்திருந்திருக்கிறாள். கயிற்றுக்கு இரண்டடி முன்னால்தான் மஞ்சள்காரி முந்தினாள். கேப்டன் டோக்கனை வாங்கிக்கொண்டு, அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் பக்கம் போக எனக்குக் கால் வரவில்லை. ஓடும்போது என் பேச்சைக் கேட்ட அதே கால். நான் மேடத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். தோழி ஓடிவந்து சேர்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டே கேட்டாள். “இன்னாடி, அக்காவப் பேரு சொல்லிக் கத்துன? ஓடை வரைக்கும் கேட்டுச்சுடி. எவளோ சண்ட போடுறாளுங்கன்னு நெனச்சேன்.”

“கோச்சிக்கினு இருக்காங்களா?”

“எனக்கு எப்புடித் தெரியும்? போய்க் கேளு.”

நான் போகவில்லை. கேப்டன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மலைக்காரப் பெண்ணின் அம்மா ஏதோ எண்ணெய் கொண்டுவந்து தேய்த்துக்கொண்டிருந்தார். மலைக்காரப் பெண் அன்றைக்கு எல்லாரிலும் முதலாவதாக வந்திருந்தாள். கழுத்தில் யாரோ போட்ட சாமந்தி மாலையோடு, அதைக் கழற்றலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றிருந்தாள். கேப்டன் எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை.

கணக்கு வர நேரமாயிற்று. மேடம் மேசைக்கும் எங்களுக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தார். கூட்டினார்கள், அழித்தார்கள், மறுபடி கூட்டினார்கள். மைக்கில் மூன்றாம் இடத்திலிருந்து தொடங்கினார்கள். மூன்றாம் இடத்துக்கு மஞ்சள் கல்லூரியின் பேரைச் சொன்னார்கள்.

எங்களுக்கு ஒரு நொடி புரியவில்லை. மூன்றாம் இடம் என்றால் அது நாங்கள்தானே, வேறு யாரோ எப்படி வருவார்கள் என்றுதான் நின்றோம். அப்புறம் தோழி போட்ட கூச்சலில் பள்ளிக்கூடத்து நாய் எழுந்து ஓடியது. மேடம் விசிலை வாயில் வைத்து ஊதினார், எதற்கு என்று அவருக்கே தெரியாது. ஒரே ஒரு புள்ளியில் இரண்டாம் இடம். கடைசி மைதானத்தில் அந்த இரண்டு பேரையும் பிடிக்காமல் விட்டிருந்தால் இல்லை. நான் அழுதேன். எனக்குக் கோபத்தில்தான் அழுகை வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், சந்தோஷத்திலும் வருகிறது.

கேப்டனைச் சுற்றி எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நானும் போனேன், வெளி வட்டத்தில் நின்றேன். “அக்கா” என்றேன். கூச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை, இல்லை கேட்டும் திரும்பவில்லை.

சாயங்காலம் கீழே இறங்கும் பஸ்ஸில் சரியான கூட்டம். நான் முன்னாலேயே ஏறி மூன்று பேர் சீட்டில் இடம் போட்டேன். தோழிக்கு வழக்கம்போல ஜன்னல். அவள் பக்கத்தில் பையை வைத்துக்கொண்டு, நான் இந்த ஓரத்தில் உட்கார்ந்தேன். மேடமும் கேப்டனும் கப்பை வாங்கிக்கொண்டு கடைசியாகப் பின் படியில் ஏறியது சத்தத்தில் தெரிந்தது. பின்னாலிருந்த யாரோ எழுந்து கேப்டனுக்கு இடம் கொடுப்பது கேட்டது. “வேணாங்க, நீங்க உக்காருங்க” என்றாள். நொண்டி நொண்டி நடு வழியில் வரும் சத்தம் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. ரயிலில் யாருக்கு மேல் பெர்த் என்று தோழி பேசிக்கொண்டிருந்தாள். என் காதில் ஏறவில்லை.

கேப்டன் என் பேரைச் சொன்னாள். அப்புறம், “ஓரம்” என்றாள்.

அவள் யாரிடமாவது அப்படிக் கேட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சட்டப்படி, திரும்பிப் பார்க்காமல் நகர்ந்து உட்கார்ந்தேன்.